கொல்லிமலையில் ஒரு கணினியும் அதன் இணையத் தடையும்

கொல்லிமலை என்னும் பெயர் காதில் விழுந்த அளவில், தமிழ் பயில்வார் நெஞ்சில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பே. யாமும் சென்ற கோடை விடுமுறையில் அவ்வெண்ணத்தோடுதான் மலையேறினோம். காரவள்ளி என்னும் அடிவாரச் சிற்றூரினின்று மேலே செல்லும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள. அவற்றுள் நாற்பதாவது வளைவிலேயே எம் இலக்கிய உணர்ச்சி முழுவதும் தலைச்சுற்றலாய் மாறிவிட்டது. செம்மேட்டுக்கு அண்மையில், எம் வகுப்புத் தோழர் ஒருவர் இல்லத்திற் பத்து நாள் தங்கினோம். ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுரர் கோயிலையும் கண்டு வந்து எழுதுவதாக இம்மலரின் ஆசிரியருக்கு வாக்களித்திருந்தோம். ஆனால், அங்கே எம் காலத்தையும் கருத்தையும் மிகுதியாகக் கொண்டது அருவியன்று. தோழர் வீட்டுக் கூடத்தின் மூலையிலிருந்த பழைய மேசைக் கணினியே. ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

தோழரின் தங்கை அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியிருந்தாள். தமிழ்நாட்டிற் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதலாகவும், அரசு கலை அறிவியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தல் 2020-ஆம் ஆண்டு முதலாகவும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. விண்ணப்பிக்க இன்னும் மூன்று நாளே இருந்தபோது, மாலையில் இடியுடன் பெருமழை பெய்தது. மின்சாரம் நின்றது, இரவு வெகு நேரங் கழித்து மின்சாரம் மீண்டது, இணையம் மீளவில்லை. தோழரின் தந்தையார் சிறிதுங் கலங்காமல், "மழை வந்தால் நெட்டுப் போவது மலைக்கு வழக்கந்தானே, தம்பி! நாளை மறுநாள் கீழே இறங்கிச் சேந்தமங்கலத்தில் ஏதாவதொரு கடையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம்" என்றார். சொல்லுதற்கு எளிது. ஆனால் அது பலா பழுக்கும் பருவம். ஒரு நாள் இறங்கினால் ஒரு நாட் பாடு போகும். அன்றியும், முந்திய ஆண்டில் அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி இவ்வாறே இறுதி நாளிற் கீழிறங்கி, கடையின் கூட்டத்தில் நின்று நின்று நேரந் தப்பி, ஓராண்டு வாளா வீட்டிலிருக்க நேர்ந்தது. அவளைத் தங்கை நாடோறும் காண்கின்றாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை.

இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. ஊராட்சிகள்தோறும் ஒளியிழை கொண்டுசெல்லும் நடுவணரசுத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர்ப் பாரத்நெட் என்று பெயர் பூண்டது. தமிழ்நாட்டில் அவ்வேலைக்கென டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் 2018-இல் ஏற்பட்டது. இங்ஙனம் இணையம் மலையேறி வந்தது பெரிதே. எனினும், வந்த இணையம் நடு வழியில் நிற்குமாயின், அஃது எங்கே நின்றது என்று காணுந் திறம் வீட்டாரிடம் இருத்தல் வேண்டும். அன்றேல் வளைவுகள் எழுபதும் முன் போலவே நம்மை எதிர்நோக்கும்.

பலர் இணையத்தை மின்விளக்குப் போல எண்ணுகின்றனர். எரியும், இன்றேல் எரியாது என்பது அவர் கருத்து. உண்மையில் அஃது அஞ்சல் வழி போன்றது. நாம் கணினியிற் கேட்கும் ஒவ்வொன்றும் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, முதலில் அறையின் காற்றையோ ஒரு கம்பியையோ கடந்து ரூட்டர் என்னும் பெட்டியை அடைகின்றது. அங்கிருந்து ஒளியிழை வழியே தெருக் கம்பத்திற்கும், கம்பத்தினின்று இணைப்பு வழங்குவோர் நிலையத்திற்கும், பின்னர் மலையிறங்கிச் சமவெளிக்கும் நகரங்கட்கும் சென்று, முடிவில் நாம் நாடிய தளம் வைக்கப்பெற்றிருக்கும் தொலைநிலைக் கணினியைச் சேர்கின்றது. மறுமொழியும் அவ்வாறே திரும்பி வருதல் வேண்டும். இந்நெடு வழியில் எங்கே அற்றாலும் திரையில் நாம் காண்பது ஒன்றே: பக்கம் திறவாது. ஆதலின், 'இணையம் ஏன் வரவில்லை?' என்று கேட்பதினும், 'எதுவரை சென்றது? எங்கே நின்றது?' என்று கேட்டலே பயன்படுவதாம். அதற்கு விடை, அருகிலிருந்து தொலைவு நோக்கி ஒவ்வோர் அடியாகத் தேடக் கிடைக்கும்.

ரூட்டர் என்பதற்குத் 'திசைவி' என்னும் நல்ல தமிழ்ச் சொல் உண்டே, தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர் அதனை வழங்கலாகாதோ என்று அன்பர் சிலர் வினவலாம். செம்மேட்டுக் கடையொன்றில் யாம் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தோம். திசைகாட்டி தம்மிடம் இல்லையென்று கடைக்காரர் கூறினார். ஆதலின் ரூட்டர் என்றே எழுதுகின்றோம்.

நிற்க. முதலிற் காண வேண்டியவை ரூட்டரின் விளக்குகள். ஒளியிழை வரும் வீடுகளிற் பெட்டியின் முகப்பிற் பல சிறு விளக்குகள் உண்டு. அவற்றுள் 'பவர்' என்பது மின்சாரத்தையும், 'பான்' என்பது நிலையத்தோடு தொடர்பு உண்டென்பதையும் அறிவிக்கும். 'எல்.ஓ.எஸ்.' என்று பெயர் பொறித்தது அணைந்திருத்தலே நன்று. அது செந்நிறமாக எரிந்தாலும் இமைத்தாலும், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அந்நிலையிற் கணினியைத் தட்டுவதும், கடவுச்சொல்லை மாற்றுவதும், ரூட்டரை நாற்பது முறை அணைத்தேற்றுவதும் வீண். இழை நன்கு செருகியிருக்கின்றதா, எங்கேனும் கூர்மையாக மடிந்திருக்கின்றதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இணைப்பு வழங்குவோருக்குச் சொல்லி அமைதலே செயற்பாலது. இழையிலுள்ள கண்ணாடி மயிரளவே பருமனுடையது. ஒளி செல்லும் அதன் நடுப்பகுதியோ 9 மைக்ரோமீட்டர் அளவிற்றே. கம்பியென்று எண்ணி மிகுதியை ஆணியில் இறுகச் சுற்றி வைப்பாருளர். இழை வளைய வளைய ஒளி வெளியே கசியும். வெளியே யாதும் முறியாதிருக்கவும் இணைப்பு நலியும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து ஒளி வருகின்றதா என்று பார்த்தல் மட்டும் ஒருபோதும் ஆகாது. அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியாதலின், வருவதும் தெரியாது. தீங்கு செய்வதும் தெரியாது.

தோழர் வீட்டில் அன்றிரவு எரிந்தது அச்செவ்விளக்கே. தந்தையார் சொல்லிய மழை காரணமோ எனின், ஆமெனவும் அன்றெனவுங் கூறலாம். செப்புக் கம்பியிற் பேசிய காலத்தில், இணைப்புகளில் மழைநீர் புகுந்து தொல்லை தந்தது. கண்ணாடியினுட் செல்லும் ஒளிக்கு மழையால் ஊறில்லை. மழை வீழ்த்துங் கிளையால் உண்டு. மறுநாட் காலையில் வழியே நடந்து பார்த்தபோது, மூன்றாவது கம்பத்தருகே சில்வர் ஓக் மரக்கிளையொன்று இழையின்மேற் சாய்ந்திருக்கக் கண்டோம். வீட்டினுட் கைப்பேசி அலை எட்டாமையின், மேட்டுப் பாறையொன்றின்மேல் ஏறி நின்று இணைப்பு வழங்குவோருக்குச் செய்தி சொன்னோம். 'நெட் வரவில்லை' என்னாது, 'எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிகின்றது; மூன்றாங் கம்பத்தில் கிளை விழுந்திருக்கின்றது' என்று சொல்லியதன் பயனை அன்று மாலையே கண்டோம். வந்தவர் வீட்டினுள் நுழையவேயில்லை. நேரே கம்பத்திற்குச் சென்று, அறுந்த முனைகளிரண்டையும் சிறு பொறியொன்றில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டினார். இக்காட்சி ஆகாய கங்கையினும் எமக்கு இனிதாயிருந்தது என்றால் மிகையாகக் கொள்வார் கொள்க. குரங்குகள் கடிப்பதுண்டோ என்று அவரை வினவினோம், நகைத்தார். ஆயினும் காசியிற் கங்கைக் கரையோரம் இட்ட ஒளியிழை வடங்களைக் குரங்குகள் கடித்துக் குதறியது 2015-இல் செய்தித்தாள்களில் வந்ததே.

அவர் வருமுன், பகலில் நிகழ்ந்தது ஒன்று சொல்லற்குரியது. ரூட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவிற் சிறு துளையொன்று உண்டு. தோழரின் தம்பி, அதனை அழுத்தினால் எல்லாம் புதிதாகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஊக்கொன்றைக் கையில் எடுத்துவிட்டான். நல்லகாலமாகத் தங்கை கண்டு பறித்தாள். அணைத்து ஏற்றுதல் வேறு; அத்துளையை அழுத்துதல் வேறு. அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஏற்றினால், ரூட்டர் தன் நினைவிற் சேர்ந்த குழப்பத்தை மறந்து, தன் அமைப்பை மறவாமல் எழும். பல வேளைகளில் அதுவே மருந்துமாகும். துளையை அழுத்திப் பிடித்தாலோ, இணைப்பு வழங்குவோர் அதனுள் எழுதி வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய யாவும் அழிந்து, கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குச் சென்றுவிடும். ஒரு தடையோடிருந்த வீட்டில் இரு தடைகளாம்.

மாலையில் செவ்விளக்கு அணைந்தது, பச்சை நிலைத்தது. தந்தையார் வெற்றிலை போட்டுக்கொண்டார். தங்கை கணினியை ஏற்றினாள். திரையின் மூலையில் வைஃபைக் குறி தோன்றியது, பக்கமோ திறவவில்லை. நகைத்தே உயிர் கொள்ளும் கொல்லிப்பாவை எமக்கு அப்போது நினைவு வந்தாள். இக்குறியும் அத்தகையதே, கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே அலை எட்டுகின்றது என்பதை மட்டும் அது காட்டுமேயன்றி, ரூட்டருக்கு அப்பால் உலகம் உண்டோ இல்லையோ என்று சொல்லாது.

இந்நிலையிற் செய்தற்குரிய சோதனை ஒன்றுண்டு. ஒரு நிமிடமுங் கொள்ளாது. வீட்டிலுள்ள மற்றொரு கருவியை அதே வைஃபையில் இணைத்து, அதே பக்கத்தைத் திறத்தல் வேண்டும். அது திறப்பின், ரூட்டரும் ஒளியிழையும் மலைக்குக் கீழுள்ள உலகம் முழுவதும் குற்றமற்றன, குற்றம் இக்கணினியினுடையது. அதுவுந் திறவாதேல், கணினியை விட்டு ரூட்டரை நோக்குக. தோழரின் கைப்பேசியிற் பக்கம் உடனே திறந்தது. ஒருவகையில் எம் கவலை அப்போதே நீங்கியது. கணினி திருந்தாவிடினும் கைப்பேசியிலேயே எழுதியனுப்பிவிடலாம். ஆயினும், சான்றிதழ்களின் படிகள் யாவும் அக்கணினியிலிருந்தன. மேலும், 'அண்ணா, நாளைக்கு அடுத்த படிவத்துக்கும் இது இப்படித்தானே நிற்கும்?' என்று தங்கை கேட்டாள். அஃதும் உண்மையே.

கணினி எதுவரை செல்கின்றது என்று அளக்கப் 'பிங்' என்னும் கட்டளை உதவும். மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசம்பரில் இதனை இயற்றினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தால் தொலைவை அறிவதுபோல, இக்கட்டளை சிறு பொதியொன்றை அனுப்பி அது மீளும் நேரத்தைச் சொல்லும், பெயரும் அவ்வொலிக்குறிப்பே. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கருந்திரையைத் திறந்து, முதலில் 'ஐ.பி.கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால், கணினிக்குக் கிடைத்த எண்முகவரியும் ரூட்டரின் முகவரியும் தோன்றும். முகவரி 192.168 என்று தொடங்குமாயின், அது வீட்டினுள் வழங்குவதற்கென ஒதுக்கப்பட்ட எண், ரூட்டர் கொடுத்தது, நன்று. 169.254 என்று தொடங்குமாயின், ரூட்டரிடம் கேட்டுக் கேட்டு விடை பெறாமையாற் கணினி தனக்குத் தானே இட்டுக்கொண்ட எண் அது. அந்நிலையில் முறிவு அறைக்குள்ளேயே இருக்கின்றது. முகவரி சரியாயின், ரூட்டருக்கு ஒரு பிங், அதன்பின் வெளியுலகில் 8.8.8.8 என்னும் முகவரிக்கு ஒரு பிங் அனுப்புக. இப்பின்னது கூகுள் நிறுவனம் 2009-இல் பொதுவில் வைத்த பெயர்வழங்கிக் கணினியின் முகவரி; எழுதுதற்கு எளிதாகலின் உலகெங்கும் சோதிப்பார் வழங்குவது.

யாம் அவ்வாறே ரூட்டருக்கு இருபது பொதிகள் அனுப்பினோம், எட்டு மீளவில்லை. பத்தடித் தொலைவு! மீண்டவையும் ஒன்று 3 மில்லிநொடியிலும் மற்றொன்று 900 மில்லிநொடியிலுமாக வந்தன. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கொல்லிமலையிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்புதற்கு ஒளிக்குச் சில மில்லிநொடிகளே போதும். சென்னைக்குச் சென்று வரும் நேரத்திற் கூடத்தைக் கடக்க இயலாத பொதியை என்னென்பது!

காரணம் வெளிப்படையாகவே இருந்தது. எனினும் ஒரு மணி நேரம் எம் கண்ணிற் படவில்லை. பழைய கணினியாகலின் வைஃபை அலையை வாங்கும் கருவி அதனுள் இல்லை; கட்டைவிரல் நகத்தளவான டாங்கிள் ஒன்றைப் பின்புறத்து யு.எஸ்.பி. துளையிற் செருகியிருந்தனர். அதன் ஒரு பக்கம் கணினியின் இரும்புக் கூடு. மறு பக்கம் கற்சுவர். ரூட்டரோ அலமாரிக்கு அப்பால். அலமாரி என்றது இரும்புப் பீரோவை. வைஃபை அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவினதாயின் அதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அஃது இரும்பைக் கண்டால் திரும்பும். நீரைக் கண்டால் உறிஞ்சப்படும். ஆதலின் ரூட்டரைப் பீரோவின் பின்னும், தண்ணீர்த் தொட்டியருகும், மைக்ரோவேவ் அடுப்பருகும் வைத்தலாகாது. அவ்வடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே. வீட்டின் நடுவே, ஆளுயரத்திற்கு மேல் வைத்தல் நன்று. 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் மற்றோர் அலையும் பெரும்பாலான ரூட்டர்களில் உண்டு. அது விரைவிற் பெரிது, சுவர்களைத் துளைப்பதிற் சிறிது. எனவே ஒரே அறைக்கு அஃதும், தொலையறைக்கு 2.4-உம் ஏற்றவை. அண்டை வீடுகள் நெருங்கிய நகரத்தில், 2.4-இல் ஒருவர் அலை ஒருவர் அலையோடு மோதாதிருக்க 1, 6, 11 என்னும் தடங்களுள் ஒன்றைத் தேர்வர். மலையில் அத்தொல்லை இல்லை. அங்கே அண்டை வீடு ஒரு காப்பித் தோட்டத்திற்கு அப்பால்.

இத்தனையும் அறிந்த பின்னரும் யாம் செய்தது, ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே லேன் கேபிள் ஒன்றை நேரே இட்டதுதான். ரூட்டர் வந்த பெட்டியிலேயே அஃது உறை பிரியாமற் கிடந்தது. மேசையில் அசையாதிருக்கும் கணினிக்கு வைஃபை எதற்கு என்பது எம் கருத்து. கேபிள் நூறு மீட்டர் வரை செல்லும், பீரோவை அறியாது, மழையையும் அறியாது. இருபது பொதிகள் அனுப்ப இருபதும் ஒரு மில்லிநொடிக்குள் மீண்டன. 8.8.8.8-உம் தவறாது விடை தந்தது. பக்கமோ அப்போதுந் திறவவில்லை.

எண்முகவரி விடை தந்தும் பெயர் எழுதிய பக்கம் திறவாவிடின், அடுத்து ஐயுற வேண்டுவது டி.என்.எஸ். எனப்படும் பெயர்வழங்கி முறையை. கணினிகள் எண்ணையே அறியும். நாம் பெயரையே நினைவிற் கொள்வோம். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சி நிலையமொன்றில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பட்டியல் பெருகித் தாங்காமையின், பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் அதனை உலகெங்கும் பகிர்ந்து வைக்கும் இம்முறையை வகுத்தார். இணைப்பு வழங்குவோரின் பெயர்வழங்கி சிலபோது உறங்கிவிடும். அவ்வேளை கணினியின் வலை அமைப்பில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதி வைத்தால் வழி திறக்கும். பிங் கட்டளையில் எண்ணுக்கு மாறாகத் தளத்தின் பெயரை எழுதி, அதனருகே எண் தோன்றுகின்றதா என்று பார்த்தால் குற்றம் இங்குளதா என்பது தெளிவாம். எமக்கு எண் தோன்றியது. பெயர்வழங்கியும் குற்றமற்றது.

அப்போது இரவு எட்டு மணி. ஒளி சரி, கேபிள் சரி, முகவரி சரி, பெயர் சரி. ஆயினும் பக்கம் திறவாது. இனி மீண்டும் யாதை நாடுவது என்று யாம் திகைத்திருக்கையில், தங்கை திரையருகே குனிந்து, "இதில் என்னவோ கடிகாரம் என்று எழுதியிருக்கிறதே, அண்ணா" என்றாள். உலாவியானது சிவந்த எச்சரிக்கையின் கீழ், கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று ஆங்கிலத்தில் நேராகவே எழுதியிருந்தது. மாலை முழுவதும் அவ்வெழுத்து எம் முன் இருந்தது. யாமிருவரும் அதனைப் படியாமலே மூடி மூடித் திறந்துகொண்டிருந்தோம். கணினி திரையின் மூலையிற் காட்டிய நாள் 2009 சனவரி 1.

இதன் விளக்கம் இது. பாதுகாப்புடைய தளம் ஒவ்வொன்றும், தான் இன்ன தளமே என்று மெய்ப்பிக்கச் சான்றிதழொன்றை உலாவியிடம் நீட்டுகின்றது. அதில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று குறித்திருக்கும்; அக்காலம் பதின்மூன்று திங்களுக்கு மேற்படாது. கணினியின் நாட்காட்டி 2009 என்று சொல்லுமாயின், அச்சான்றிதழ் இன்னும் பிறவாத காலத்ததாகின்றது. உலாவி அதனைப் போலியென்று ஐயுற்றுக் கதவடைத்துவிடுகின்றது. கதவடைத்தது சரியே, பிழைத்தது காலம். கணினி அணைந்திருக்கும்போது நாளையும் நேரத்தையும் காப்பது, அதனுள்ளே தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற மின்வில்லை. அதன் பெயர் சி.ஆர். 2032, விட்டம் 20 மில்லிமீட்டரும் தடிப்பு 3.2 மில்லிமீட்டரும் ஆதலின் அப்பெயர். மின்னழுத்தம் 3 வோல்ட்டு. பல ஆண்டுகளாய் மாற்றாத அவ்வில்லை ஏறக்குறைய உயிரற்றிருந்தது. சுவர்ச் சுவிட்சு ஏற்றியே இருந்தமையாற் கணினி உறங்கும்போதும் சிறிது மின்சாரம் பெற்று நாளைக் காத்து வந்தது. அன்று இடிக்கு அஞ்சித் தந்தையார் செருகியையே பிடுங்கி வைத்தார். அவர் செய்தது முற்றிலும் முறையே. ஆனால் மறுநாள் மாலை வரை அது செருகப்படவில்லை. வில்லை தாங்கவில்லை, காலம் பின்னோக்கி ஓடியது. ஆக, மழையாலேயே நெட்டுப் போயிற்று என்று அவர் சொல்லியது, அவரே அறியாத வழியாலும் மெய்யாயிற்று.

நாளையும் நேரத்தையும் கையால் திருத்தினோம். பக்கம் திறந்தது. ஒன்பதே முக்கால் மணிக்கு விண்ணப்பம் சென்று, பதிவெண் வந்தது. அதனைக் கணினியில் நம்பாமல் தங்கை தன் கையேட்டில் எழுதிக்கொண்டாள். பின்னரே உண்டாள். புது வில்லையை மறு வாரம் நாமக்கல்லில் வாங்கி இட்டோம். ஒரு வேளைச் சிற்றுண்டியினும் அதன் விலை குறைவு.

இணையம் நில்லாது தளர்ந்து செல்லும் வேறொரு தொல்லையும் உண்டு. அதனைப் பற்றிச் சில சொல்லுதும். எப்போதும் தளர்ந்திருக்கின்றதா, குறித்த வேளையிலா என்று முதலிற் காண்க. இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும் தளருமாயின், ஊரார் யாவரும் ஒருங்கே காண்கின்றனர் என்று பொருள். அதற்கு வீட்டில் மருந்தில்லை. எவ்வேளையும் தளருமாயின், வீட்டிலுள்ள கைப்பேசியொன்று தன் படங்களையெல்லாம் தொலைநிலைச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலும், இணைப்பு வழங்குவோர் 40 எம்.பி.பி.எஸ். என்றால் அது பிட் கணக்கு. எட்டுப் பிட்டுக்கு ஒரு பைட்டாதலின், இறக்கும்போது நொடிக்கு 5 மெகாபைட்டே காண்போம். இதனை அறியாது வழக்காடியவரை யாம் அறிவோம், அவர் எம் விடுதியினர், வேறொன்றுஞ் சொல்லோம்.

இணையம் பழுதென்று முறையிட்ட மறுநாளே, தாம் அந்நிறுவனத்தார் என்று சொல்லிக்கொண்டு யாரேனும் அழைத்து, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலும் கணினியைத் தொலைவிலிருந்து பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொன்னாலும், அழைப்பைத் துண்டித்துவிடுக. கம்பத்தின் கிளையை நீக்க ஓ.டி.பி. வேண்டுவதில்லை.

நாம் மேற்கூறிய ஒவ்வொரு சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். தோழரும் யாமும் முதலில் டாங்கிளை இடம் மாற்றி, கடவுச்சொல்லை மாற்றி, ரூட்டரையும் நகர்த்திய பின்னர், எது எதனைச் செய்தது என்றறியாமல் விழித்தோம். அதன்பின் தங்கை ஓர் ஏட்டை எடுத்து, நாள், நேரம், விளக்கின் நிறம், கைப்பேசியில் வந்ததா, பிங் எத்துணை மீண்டது, என்ன செய்தோம் என்று கோடிட்டு எழுதத் தொடங்கினாள். அவள் இப்போது நாமக்கல்லிற் கல்லூரி விடுதியில் இருக்கின்றாள். ஏடு தந்தையார் பொறுப்பிற்கு வந்துவிட்டது. தோழர் சென்ற மாதம் அதன் பக்கமொன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிய எழுத்தில் அதில் எழுதியிருந்தது: 'இரவு 7 மணி. எல்.ஓ.எஸ். சிவப்பு. மழை இல்லை. இரண்டாம் கம்பம். கிளையை நானே வெட்டினேன், இழையைத் தொடவில்லை. காலை 11 மணிக்கு வந்து ஒட்டினார்கள். கடிகாரம் சரி.'